ஒன்றுக்குப் பன்னிரண்டு

ஒரு நாட்டு மக்கள் ஒரே பொருளைப் பற்றி மூன்று முறை தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பெறுவது அரிது. அம்மூன்று தீர்ப்புகளும் பதினைந்து திங்களுக்குள் வழங்கப்பெறுவது அதனினும் அரிது. சுவிட்சர்லாந்தில் அது நிகழ்ந்தது. அந்நாட்டில் ஒரு லட்சம் குடிமக்கள் பதினெட்டுத் திங்களுக்குள் கையொப்பமிட்டால், அரசியல் சட்டத்தையே திருத்தும்படி கேட்டு, அக்கேள்வியை நாட்டு மக்கள் அனைவர் முன்னிலையிலும் வாக்குக்கு வைக்கலாம். அவ்வழியே 2013 மார்ச் 3ஆம் நாள், பெரு நிறுவனத் தலைவர்களின் சம்பளத்தைப் பங்குதாரர்களே ஆண்டுதோறும் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும் என்னும் கோரிக்கை வந்தது. நூற்றுக்கு 68 பேர் அளவில் ஏற்றனர். 2013 நவம்பர் 24ஆம் நாள், ஒரு நிறுவனத்தின் மிக உயர்ந்த சம்பளம் அதே நிறுவனத்தின் மிகத் தாழ்ந்த சம்பளத்தைப் போலப் பன்னிரு மடங்குக்கு மேற்படலாகாது என்னும் கோரிக்கை வந்தது. நூற்றுக்கு 65 பேருக்கு மேல் மறுத்தனர். 2014 மே 18ஆம் நாள், நாட்டில் எவருக்கும் மணிக்கு 22 ஃபிராங்குக்குக் குறைந்த கூலி கொடுக்கலாகாது என்னும் கோரிக்கை வந்தது. நூற்றுக்கு 76 பேர் மறுத்துவிட்டனர்.

இம்மூன்றையும் தனித்தனியே படித்து மகிழ்ந்தோரும் வருந்தினோரும் பலர். முதல் தீர்ப்பை நீதியின் வெற்றி என்றனர் சிலர். இரண்டாவதையும் மூன்றாவதையும் நிதானத்தின் வெற்றி என்றனர் வேறு சிலர். ஒரு நூலின் மூன்று அதிகாரங்களைப் படிப்பதுபோல அவற்றைத் தொடர்ச்சியாகப் படித்து, அவற்றினூடே ஓடும் கருத்து யாதென ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுவிட்சர்லாந்து நமக்குத் தொலைவுதான். ஆயினும் அங்கு எழுந்த வாதங்கள் யாவும், தலைவனுக்கு ஒரு சம்பளமும் தொழிலாளிக்கு ஒரு சம்பளமும் கொடுக்கும் எந்த ஊரிலும் எழுபவையே.

முதல் முறையீடு யாருடையது?

முதல் கோரிக்கையைக் கொணர்ந்தவர் தாமஸ் மிண்டர். அவர் தொழிற்சங்கத் தலைவர் அல்லர். பற்பசையும் வாய் கழுவும் நீரும் செய்து விற்கும் சிறு தொழிலதிபர். 2001ஆம் ஆண்டு சுவிஸ்ஏர் விமான நிறுவனம் வீழ்ந்தபோது, அதற்குச் சரக்குக் கொடுத்திருந்த அவருடைய நிறுவனமும் வீழ்ச்சியின் விளிம்புக்குச் சென்றது. அந்நிலையில் சுவிஸ்ஏரின் கடைசித் தலைவர் ஐந்தாண்டுச் சம்பளமாக 1 கோடியே 25 லட்சம் ஃபிராங்கை முன்கூட்டியே பெற்றிருந்த செய்தி வெளியாயிற்று. மிண்டரின் சினம் அங்குப் பிறந்தது. 2008இல் யூ.பி.எஸ். வங்கியை அரசும் நடுவண் வங்கியும் பொதுப் பணம் கொண்டு காத்தபோது, அச்சினம் நாட்டின் சினமாயிற்று.

வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்னர், 2013 பிப்ரவரியில், மற்றொரு செய்தி வந்தது. நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் தலைமைப் பதவியிலிருந்து விலகும் டானியல் வசெல்லாவுக்கு, அவர் போட்டி நிறுவனங்களுக்குப் பணி செய்யாதிருக்கும் பொருட்டு, ஆறாண்டுகளில் 7 கோடியே 20 லட்சம் ஃபிராங்க் வரை கொடுப்பதாக உடன்பாடு இருந்தது. வேலை செய்ததற்குக் கூலி என்பதை உலகம் அறியும். வேலை செய்யாதிருப்பதற்கும் கூலி உண்டு என்பதை அந்நாட்டு மக்கள் அன்று அறிந்தனர். மாதம் 4,000 ஃபிராங்க் பெறும் ஒரு தொழிலாளி அத்தொகையை ஈட்ட 1,500 ஆண்டுகள் உழைக்க வேண்டும். கண்டனம் கிளம்பியதும் அவர் அத்தொகையை வேண்டாமென விட்டுவிட்டார். எனினும் அச்செய்தி செய்ய வேண்டியதைச் செய்து முடித்தது.

இனி, மக்கள் பேராதரவு தந்த அக்கோரிக்கை சொன்னது யாது என நோக்குவோம். பங்குதாரர் பேரவை ஆண்டுதோறும் தலைவர்களின் சம்பளத் தொகையை வாக்களித்து உறுதி செய்ய வேண்டும். பணியில் சேரும்போதும் நீங்கும்போதும் கொடுக்கும் தனிப் பெருந்தொகைகள் கூடா. மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஆறாண்டுச் சம்பளம் வரை அபராதமும் உண்டு. கடுமையான விதிகளே. ஆயினும் எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கொடுப்பதை உரிமையாளர் அறிந்து கொடுக்கட்டும் என்பதே அதன் சாரம். முதல் போட்டவன் வீட்டில் மேலாளன் தானே அள்ளிக்கொள்கிறான் என்பது முறையீடு, முறையிட்டவன் முதலாளி. தொழிலாளி அவ்வழக்கில் வாதியுமல்லன், சாட்சியுமல்லன்.

இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. பிறர் பணத்தை ஆளும் நிர்வாகி தன் பணத்தைப் போல அதனைப் பேணமாட்டான் என்பதை ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். அம்முறையீடு நியாயமானது. ஆனால் அது சம்பள ஏற்றத்தாழ்வைப் பற்றிய முறையீடன்று. அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதியதால்தான், ‘மார்ச்சில் ஆம் என்றவர்கள் நவம்பரில் ஏன் இல்லை என்றனர்?’ எனப் பலர் வியந்தனர். வியப்புக்கு இடமில்லை. அவர்கள் இரு வேறு கேள்விகளுக்கு இரு வேறு விடைகள் தந்தனர்.

முதல் தீர்ப்பின் விளைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சட்டம் 2014 முதல் நடைமுறைக்கு வந்தது. பங்குதாரர்கள் வாக்களித்தனர்; பெரும்பாலும் ஒப்புதலே அளித்தனர். 2023இல் கிரெடிட் சுவிஸ் வங்கி சரிந்து யூ.பி.எஸ். வங்கியுடன் சேர்க்கப்பட்டபோது தலைமைப் பொறுப்பேற்ற செர்ஜியோ எர்மோட்டிக்கு அவ்வாண்டின் ஒன்பது திங்களுக்கு 1 கோடியே 44 லட்சம் ஃபிராங்க் சம்பளம். உரிமையாளன் தன் பணம் களவு போகிறதோ என்று பார்ப்பானேயன்றி, தன் தொழிலாளிக்கும் மேலாளனுக்கும் இடையே எத்தனை மடங்கு என்று பார்க்கக் கடமைப்பட்டவன் அல்லன்.

இரண்டாம் கோரிக்கையின் வாசகம்

ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதை முன்வைத்தவர்கள் சோஷலிசக் கட்சியின் இளைஞர் அணியினர். பன்னிரண்டு என்னும் எண்ணை அவர்கள் எங்கிருந்து பெற்றனர்? அறிவியல் ஆய்விலிருந்து அன்று, நாட்காட்டியிலிருந்து. ஒருவன் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்துப் பெறுவதைவிட, அதே கூரையின்கீழ் வேறொருவன் ஒரு மாதத்தில் மிகுதியாகப் பெறலாகாது என்பதே அவ்வெண்ணின் பொருள். பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் வரைந்த நான்கு மடங்கு எல்லையைச் சிலர் இதனோடு ஒப்பிடுவர். அவ்வொப்பீடு பொருந்தாது. அவர் வரையறுத்தது குடிமகன் வைத்திருக்கும் உடைமையை. இவர்கள் வரையறுக்க முயன்றது உழைப்புக்குத் தரும் கூலியை.

இவ்வாசகத்தின் சிறப்பு, அது பணத்தைக் காலமாக மாற்றிக் காட்டியதில் உள்ளது. கோடி என்னும் சொல் ஏழையின் காதில் விழும்போது அவனுக்கு அது ஓர் ஒலியே. ‘உன் ஓராண்டு, அவருக்கு ஒரு மாதம்’ என்றால் அவனுக்கு அது விளங்கும். ஏனெனில் ஆயுள் எல்லார்க்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறது. மாதம் 4,000 ஃபிராங்க் கடைநிலைச் சம்பளமானால், தலைவர் மாதம் 48,000 ஃபிராங்கும் ஆண்டுக்கு 5,76,000 ஃபிராங்கும் பெறலாம். வறுமையை நோக்கித் தள்ளும் எல்லை அன்று அது.

எதிர்த்தோர் சொன்னவற்றையும் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். முதலாவது, அந்நாட்டின் முதியோர் காப்பீட்டு நிதிக்கு எத்துணைப் பெரிய சம்பளமாயினும் முழுத் தொகைக்கும் பங்கு கட்ட வேண்டும். பெறும் ஓய்வூதியத்துக்கோ உச்ச வரம்பு உண்டு. ஆகவே பெருஞ்சம்பளக்காரர் கட்டுவது ஏழை முதியோரைத் தாங்குகிறது. சம்பளத்தைக் குறைத்தால் அந்நிதி குறையும். இரண்டாவது, நிறுவனங்கள் நாட்டை விட்டுப் போகும். மூன்றாவது, கூலி என்பது கொடுப்போனும் பெறுவோனும் பேசி முடிப்பது. அரசு அதில் தலையிடலாகாது.

முதல் வாதம் கணக்களவில் உண்மையே. ஆயினும் அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். மேலே இருப்பவர் மிகுதியாக எடுத்துக்கொள்வதால்தான் கீழே இருப்பவருக்கு முதுமையில் கஞ்சி கிடைக்கிறது என்பதே அது. அக்கஞ்சியை இளமையிலேயே கூலியாகக் கொடுத்திருக்கலாமே என்னும் கேள்வியை அவ்வாதம் எழவிடுவதில்லை. மூன்றாம் வாதமோ, பேசி முடிக்கும் இருவரும் ஒரே உயரத்தில் நிற்பதாகக் கொள்கிறது. தலைவர் தம் வழக்கறிஞருடன் அமர்ந்து பேசுகிறார். துப்புரவுத் தொழிலாளிக்கு எழுதி வைத்த தாளை நீட்டிக் கையொப்பம் கேட்கின்றனர்.

இவற்றினும் வலிய வாதம் ஒன்றுண்டு. அதனை எதிர்த்தோர் போதிய அழுத்தத்துடன் சொல்லவில்லை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனத்தில் தலைவரின் ஆண்டுச் சம்பளம் 1 கோடியே 20 லட்சம் ஃபிராங்க் என்று வைத்துக்கொள்வோம். அதனை முழுவதுமாகப் பறித்து எல்லார்க்கும் பகிர்ந்தாலும், ஒருவருக்கு ஆண்டுக்கு 120 ஃபிராங்க்கூடத் தேறாது. அப்படியாயின் இவ்வழக்கால் தொழிலாளிக்கு என்ன பயன்? அழுக்காறு என்னும் பழி ஒன்றுதானே மிச்சம்? விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. விடை பகிர்வில் இல்லை; சம்பளத்தை நிர்ணயிக்கும் முறையில் இருக்கிறது.

இரண்டு முழக்கோல்

தலைவரின் சம்பளத்தை நிர்ணயிக்கும் குழு, அவரைப் போன்ற பிற நிறுவனத் தலைவர்கள் பெறுவதைப் பட்டியலிடுகிறது. எந்த நிர்வாகக் குழுவும் தன் தலைவர் சராசரிக்குத் தாழ்ந்தவர் எனச் சொல்ல விரும்புவதில்லை. ஆகவே பட்டியலின் நடுவுக்கு மேலாகவே தொகையை வைக்கிறது. அடுத்த ஆண்டு அத்தொகையே மற்றொரு நிறுவனத்தின் பட்டியலில் ஏறுகிறது. இவ்வாறு எவரும் தனியே பேராசைப்படாமலே எல்லாரின் சம்பளமும் ஏறுகிறது. தொழிலாளிக்கும் ஒப்பீடு உண்டு. ஆனால் அவனுக்கு மேலே இருப்பவனோடு அவனை ஒப்பிடுவதில்லை. அவனைவிடக் குறைவாகக் கேட்டுக்கொண்டு வாயிலில் நிற்பவனோடு ஒப்பிடுகின்றனர். ஒரே வீட்டில் மேலே அளக்க ஒரு முழக்கோலும் கீழே அளக்க வேறொரு முழக்கோலும் வைத்திருப்பது அளவாகுமா?

அரபுச் சட்ட நூல்களைப் பயின்றவர்கள் ‘உஜ்ரத்துல் மிஸ்ல்’ என்னும் வழக்கை அறிவர். கூலி பேசாமல் வேலை நடந்துவிட்டாலோ, பேசிய ஒப்பந்தம் செல்லாமற் போனாலோ, அவ்வேலையை ஒத்த வேலைக்கு அவ்வூரில் வழங்கும் கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது அது. ஒப்பீட்டுக் கூலி அந்நூல்களுக்குப் புதிதன்று. ஆனால் அவ்வொப்பீட்டைச் சொல்ல வேண்டியவர், தொழிலை அறிந்தவரும் அதில் தமக்கென ஆதாயம் இல்லாதவரும் ஆவர். கூலி பெறுபவன் அமர்ந்திருக்கும் சபையே அமர்த்திய ஆலோசகர், அவனுக்குரிய ஒப்பீட்டைத் தேர்ந்து தருவது எந்த நூலிலும் ஒப்பீடாகாது.

திறமைக்கே விலை என்பர். இதனை மிக நுட்பமாக எடுத்துரைத்தவர்கள் சேவியர் கபேயும் அகஸ்தின் லாந்தியரும். நிறுவனங்கள் பெருத்ததால் தலைவர் சம்பளமும் பெருத்தது. 1980க்கும் 2003க்கும் இடையே அமெரிக்கப் பெரு நிறுவனங்களின் மதிப்பு ஆறு மடங்கு உயர்ந்தது, சம்பளமும் ஆறு மடங்கு உயர்ந்தது என்பது 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின் முடிவு. அதே ஆய்வில் வேறொரு கணக்கும் உண்டு. திறமை வரிசையில் 250ஆம் இடத்தில் நிற்பவரை நீக்கி அவ்விடத்தில் முதலாமவரை அமர்த்தினால், அந்நிறுவனத்தின் மதிப்பு நூற்றுக்கு 0.016 அளவே கூடும். ஆனால் முதலாமவரின் சம்பளமோ 250ஆமவருடையதைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்டு மிகுந்திருக்கும். திறமையின் வேறுபாடு மயிரிழை. அம்மயிரிழை பெரு நிறுவனத்தின் பேரளவால் பெருக்கப்படுகிறது என்பதே அவர்தம் விளக்கம். விளக்கம் தெளிவானது. ஆயின் அப்பேரளவு யாருடைய படைப்பு என்று கேட்க வேண்டாவா? ஆயிரம் கைகள் கட்டிய கோபுரத்தின் உயரத்தை உச்சியில் நிற்பவரின் உயரத்தோடு கூட்டிச் சொல்வது போன்றது இக்கணக்கு.

இஜாராவும் ஜுஆலாவும்

ஷாஃபிஈ சட்ட நூல்களில் உழைப்புக்குப் பொருள் தரும் ஒப்பந்தங்களுள் இரண்டினை மாணவர்கள் அடுத்தடுத்துப் படிப்பதுண்டு. ஒன்று இஜாரா. இன்ன வேலை, இன்ன காலம், இன்ன கூலி என்று பேசி முடிப்பது. தன் காலத்தை ஒப்படைத்தவன், பயன் விளைந்தாலும் விளையாவிடினும், கூலிக்கு உரியவன். மற்றொன்று ஜுஆலா. காணாமற்போன ஒட்டகத்தைக் கொண்டுவருவோருக்கு இவ்வளவு என்று அறிவிப்பது. கொண்டுவந்தால் பரிசு, தேடித் தேடிக் கால் தேய்ந்தாலும் ஒட்டகம் வரவில்லையானால் ஒன்றுமில்லை. முன்னதில் அச்சம் குறைவு, ஆதாயமும் அளவானது. பின்னதில் ஆதாயம் மிகுதியாகலாம், வெறுங்கையும் ஆகலாம். இரண்டும் நீதியே, ஏனெனில் ஒவ்வொன்றிலும் இலாபமும் நட்டமும் ஒரே ஆளின் தோளில் தொங்குகின்றன.

இக்காலத் தலைமை நிர்வாகியின் ஒப்பந்தத்தை இவ்விளக்கைப் பிடித்துப் பாருங்கள். 1990இல் மைக்கேல் ஜென்சனும் கெவின் மர்ஃபியும், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்படிக் கொடுக்கிறோம் என்பதே முதன்மையானது என்று வாதிட்டனர். நிர்வாகிகளுக்கு அலுவலர்களைப் போல மாதச் சம்பளம் கொடுத்தால் அலுவலர்களைப் போலவே நடப்பர். பங்குகளைக் கொடுத்தால் உரிமையாளரைப் போல நடப்பர் என்பது அவர்தம் கருத்து. அதாவது இஜாராவிலிருந்து ஜுஆலாவுக்கு மாற்றுங்கள் என்றனர். 1993இல் அமெரிக்க அரசும் அதற்கு வழிவிட்டது. பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்தை வரிக்கணக்கில் செலவாகக் காட்டலாகாது என்று சட்டம் செய்து, செயல்திறனுக்கு ஏற்பக் கொடுப்பதற்கு மட்டும் விலக்கு அளித்தது. அவ்விலக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்படும்வரை நிலைத்திருந்தது. சம்பளம் குறையவில்லை, விலக்கின் வாயிலில் வெள்ளமாய்ப் பாய்ந்தது. எகனாமிக் பாலிசி இன்ஸ்டிட்யூட் என்னும் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 1965இல் பொதுத் தொழிலாளியின் ஊதியத்தைப் போல 21 மடங்காக இருந்த அமெரிக்கத் தலைமை நிர்வாகிகளின் ஊதியம் 2023இல் 290 மடங்காயிற்று.

குறை எங்கே நேர்ந்தது? ஜுஆலாவின் ஆதாயத்தை எடுத்துக்கொண்டு அதன் அச்சத்தை விட்டுவிட்டனர். மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், எண்ணெய் நிறுவனத் தலைவர்களின் ஊதியம் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோதெல்லாம் ஏறியதைக் காட்டினர். உலகச் சந்தையின் விலையை ஒரு நிறுவனத்தின் தலைவர் ஏற்றவில்லை, அது தற்செயல். ஒட்டகம் தானே வீடு திரும்பியது. பரிசை அவர் பெற்றார். நிறுவனம் வீழ்ந்தபோதோ அவர் இஜாராக்காரராக மாறிவிடுகிறார். ‘நான் என் காலத்தைக் கொடுத்தேன், என் ஒப்பந்தத் தொகையைக் கொடுங்கள்’ என்கிறார். சுவிஸ்ஏரின் முன்பணம் அதற்குச் சான்று. இலாபத்தில் பங்காளி, நட்டத்தில் கூலியாள் என்னும் இவ்விரட்டை வேடத்தைத் தொழிலாளிக்கு எவரும் அனுமதிப்பதில்லை. நிறுவனம் செழித்தால் அவன் கூலியாள். நிறுவனம் நலிந்தால் அவனே முதலில் வெளியேறுகிறான்.

தமிழில் ‘ஊதியம்’ என்னும் சொல்லின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. வள்ளுவர் அதனை இலாபம், பேறு என்னும் பொருளிலேயே ஆள்கிறார். முதல் உடையோனுக்கு விளையும் பயன் அது. பிற்காலத்தில் அச்சொல் கூலியையும் குறிக்கலாயிற்று. இன்று தலைமை நிர்வாகிக்கு அதன் பழைய பொருளும் தொழிலாளிக்குப் புதிய பொருளும் வழங்குகின்றன. இருவரும் பெறுவது ஊதியம் என்று ஒரே சொல்லால் சொல்வதே வாதத்தைப் பாதி மறைத்துவிடுகிறது.

மடங்குக் கணக்கின் குறை

ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதன் பக்கம் நம் நெஞ்சு சாய்கிறது. அதனால் அதன் குறையை மறைக்கலாகாது. ஒரு வங்கியில் கடைநிலை ஊழியருக்கு 6,000 ஃபிராங்க். அதன் தலைவர் 72,000 பெறலாம். ஒரு பெரு மளிகைக் கடையில் கடைநிலை ஊழியருக்கு 4,000. அதன் தலைவர் 48,000 மட்டுமே பெறலாம். எளியோர் பலருக்கு வேலை தருவது கடை. தண்டம் பெறுவதும் கடையே. இது முதற்குறை.

இரண்டாவது இதனினும் கொடியது. மடங்கைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. மேலே குறைக்கலாம், கீழே உயர்த்தலாம், அன்றிக் கீழே இருப்பவனை வீட்டை விட்டே வெளியேற்றிவிடலாம். தரை துடைப்பவரையும் காவல் நிற்பவரையும் உணவு சமைப்பவரையும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர்கள் அந்நிறுவனத்தின் ஊழியர் அல்லர், கணக்கும் நேராகிவிடும். கோரிக்கையை எழுதியவர்கள் இரவல் தொழிலாளர் பற்றிச் சட்டம் வகுக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதினர். ஆயினும் வேலையையே மொத்தமாக வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவதை அது தடுத்திருக்குமா என்பது ஐயமே. எதிர்த்தோர் இதனை எடுத்துக்காட்டியபோது ஆதரித்தோரிடமிருந்து உறுதியான விடை வரவில்லை. தொழிலாளியை உயர்த்த எழுந்த எண், அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தவும் கருவியாகக்கூடும்.

நம் நாட்டிலும் இவ்வையம் பொருந்தும். அதே 2013இல் வந்த நம் கம்பெனிச் சட்டத்தின் 197ஆம் பிரிவு, பொது நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர்கள் அனைவரும் பெறும் ஊதியம் நிகர இலாபத்தில் நூற்றுக்கு 11க்கு மேற்படலாகாது என்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருந்த எல்லையே அது. பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்கள், ஒவ்வோர் இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் நடு ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடவும் வேண்டும். ஊழியரை ஊதிய வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவர் பெறுவதே நடு ஊதியம். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 2018 முதல் வெளிவருவதும் இத்தகைய மடங்கே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் நிற்பவர் கடைசியில் நிற்பவர் அல்லர். ஒப்பந்தக்காரரின் ஆட்களோ அவ்வரிசையிலேயே நிற்பதில்லை. 11 விழுக்காட்டு எல்லையைக் கடக்க முன்னர் நடுவண் அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2018 முதல் பங்குதாரர்களின் தீர்மானமே போதும். இங்கும் சாவி உரிமையாளன் கைக்கே சென்றிருக்கிறது.

மூன்றாம் தீர்ப்பும் அதன் பிற்கதையும்

இப்போது மூன்று அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கலாம். மேலாளன் உரிமையாளனை ஏய்க்கலாகாது என்றபோது மக்கள் ஆம் என்றனர். மேலாளனுக்கும் தொழிலாளிக்கும் இடையே எல்லை வேண்டும் என்றபோது இல்லை என்றனர். தொழிலாளிக்குத் தரையாவது வேண்டும் என்றபோது இன்னும் உரத்து இல்லை என்றனர். உடைமைக்கு நேர்ந்த தீங்கு எளிதில் தீங்காகத் தெரிகிறது. உழைப்புக்கு நேர்ந்த தீங்கு சந்தையின் இயல்பாகத் தெரிகிறது. அம்மக்கள் கொடியவர் அல்லர். நம்மில் எவரும் வேறுவிதமாக வாக்களித்திருப்போம் என்று மார்தட்ட வழியில்லை.

ஆனால் கதை 2014இல் முடிந்துவிடவில்லை. 22 ஃபிராங்கை மறுத்த மாநிலங்களுள் ஜெனிவாவும் ஒன்று. 2020 வசந்த காலத்தில் கொரோனாத் தொற்றால் வேலைகள் நின்றபோது, உலகின் செல்வ நகரங்களுள் ஒன்றான அங்கு, வெர்னே விளையாட்டரங்கின் முன்னே ஒரு பை உணவுக்காக ஆயிரக்கணக்கானோர் விடியலிலிருந்து வரிசையில் நின்றனர். வீடுகளைத் துடைத்தவர்களும் உணவகங்களில் பாத்திரம் கழுவியவர்களும் அவர்கள். அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள், மணிக்கு 23 ஃபிராங்க் குறைந்தபட்சக் கூலி என்னும் கோரிக்கையை ஜெனிவா மக்கள் நூற்றுக்கு 58 பேர் அளவில் ஏற்றனர். அவ்வரிசை ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அதுவரை எவர் கணக்கிலும் வராதவர்கள் அன்று எல்லார் கண்ணிலும் பட்டனர் என்பதை மறுக்க முடியாது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? மடங்கைச் சட்டமாக்குவதற்கு முன்னர், அதனை முழுமையாக எண்ணக் கற்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் கூரையின்கீழ் நாள்தோறும் வந்து உழைக்கும் ஒவ்வொருவரையும், அவருடைய சம்பளச் சீட்டில் எந்த ஒப்பந்தக்காரரின் பெயர் இருப்பினும், அக்கணக்கில் சேர்க்க வேண்டும். நடுவில் நிற்பவரை மட்டுமின்றிக் கடைசியில் நிற்பவரையும் காட்ட வேண்டும். தலைவருக்கு ஒப்பீட்டால் கூலி நிர்ணயிப்போமாயின், தொழிலாளிக்கும் அதே குழு, அதே அக்கறையுடன், அதே ஒப்பீட்டைச் செய்யட்டும். இலாபத்தில் பங்கு கேட்பவர் நட்டத்திலும் பங்கேற்கட்டும். இவ்வளவையும் செய்த பின்னர் மடங்கு பன்னிரண்டாக இருக்க வேண்டுமா, இருபதாக இருக்க வேண்டுமா என்று வாதிடுவோம். அன்று அந்த வாதத்தில் தரை துடைப்பவரும் ஒரு வாதியாக நிற்பார்.